பழைய ரிகர்வ் வில் வாங்கப் போகிறீர்களா? முதலில் நாணைப் பூட்டிப் பாருங்கள்

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாபேட்டையிலிருந்து ஒருவர் தன் 14 வயது மகளுடன் என் பயிற்சித் திடலுக்கு வந்தார். கையில் பழைய வேட்டியில் சுற்றிய ஒரு ரிகர்வ் வில், அதாவது முனைகள் முன்பக்கமாக வளைந்த வில். இணையத்தில் பழைய பொருள்கள் விற்கும் யாரிடமோ பேரம் பேசி வாங்கியதாம். "1953ஆம் வருடத்து வில் மாஸ்டர், வில்லிலேயே எழுதியிருக்கிறது" என்றார். முகம் முழுக்கப் பெருமை. வேட்டியை விலக்கியதும் எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. மேல் முனையில் நாண் உட்காரும் காடியிலிருந்து ஒரு மெல்லிய வெடிப்பு கிளம்பி, மேலே இருக்கும் ஃபைபர் கிளாஸைத் தாண்டி உள்ளே இருக்கும் மரம் வரை இறங்கியிருந்தது. முந்தின நாள் மாலை அந்தப் பெண் அதில் நாற்பது, ஐம்பது அம்புகள் எய்திருக்கிறாள். நாணை முழுதாக இழுத்து நிற்கும்போது மேல் லிம்ப் (கைப்பிடிக்கு மேலே வளையும் பகுதி) முறிந்தால் சிம்பு பாய்வது முகத்தை நோக்கித்தான்.

சேலத்தில் இருபது ஆண்டுகளாக வில்வித்தை கற்றுக்கொடுக்கிறேன். வில் பழுதும் பார்க்கிறேன். பழைய வில்களை வாங்காதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. மேப்பிள் மரத்தைத் தாள் தாளாகச் சீவி, இருபுறமும் ஃபைபர் கிளாஸ் ஒட்டி, கைப்பிடியை ஒரே மரத்தில் குடைந்து செய்த 1960களின் வில்லைக் கையில் எடுக்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனால், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்கும்போது எத்தனை டச் என்று கேட்காமல் பணத்தை எடுக்காத நம் ஊர்க்காரர்கள், வில் என்று வந்துவிட்டால் பளபளப்பையும் அதில் எழுதியிருப்பதையும் மட்டும் பார்த்து ஏமாந்துவிடுகிறார்கள். அதுதான் என் கவலை.

அந்த 1953 என்ற எண்ணிலிருந்தே தொடங்குகிறேன். ஃபிரெட் பேர் தொடங்கிய பேர் ஆர்ச்சரி நிறுவனத்தின் பழைய வில்களில் அமெரிக்கக் காப்புரிமை எண்ணும், பக்கத்திலேயே 'கனடா 1953' என்ற குறிப்பும் அச்சாகியிருக்கும். அது கனடாவில் காப்புரிமை பெற்ற ஆண்டு. வில் செய்த ஆண்டு அல்ல. 1960களில் செய்த வில்களிலும் அதே வரி இருக்கிறது. விற்பவர் தெரியாமல் சொல்கிறாரோ, தெரிந்தே சொல்கிறாரோ, அந்த எண்ணுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். ஊர்ப் பெயரைப் பார்ப்பது அதைவிடப் பயனுள்ளது. மிச்சிகன் மாநிலத்தின் கிரேலிங் நகரில் இருந்த அந்த நிறுவனம் 1978இல் ஃபுளோரிடாவின் கெயின்ஸ்வில்லுக்கு இடம் மாறியது. ஆகவே கெயின்ஸ்வில் என்று எழுதிய வில்லை எவராவது ஐம்பதுகளின் வில் என்றால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். கைப்பிடியில் பதித்த வட்டப் பதக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். 1970களின் தொடக்கம் வரை அது மரத்தோடு மட்டமாகப் பதிக்கப்பட்டது. அதற்குப் பிறகு வந்தவற்றில் மேடாக நிற்கும்.

இன்னொரு குறி '45#' என்பது. அதை வரிசை எண் என்று நினைத்து எனக்குப் படம் எடுத்து அனுப்புகிறவர்கள் உண்டு. அந்தக் குறி பவுண்டைக் குறிக்கிறது. நாணை 28 அங்குலம் இழுக்கும்போது கையில் 45 பவுண்டு பாரம் இருக்கும் என்று பொருள். நம் பிள்ளைகளில் பலர் 24, 25 அங்குலம்தான் இழுக்கிறார்கள். ஓர் அங்குலம் குறைந்தால் ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை பவுண்டு குறையும். அப்படிக் குறைந்தாலும் 45 பவுண்டு வில் 14 வயதுப் பெண்ணின் தோளுக்கு ஆகாது. கற்றுக்கொள்ளத் தொடங்கும் குழந்தைக்கு 18, 20 பவுண்டே போதும். தோள்மூட்டு கெட்ட பிறகு வில் எவ்வளவு அருமையானது என்பதால் என்ன பயன்?

இனி, வில்லைக் கையில் வாங்கியதும் நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் நாணைக் கழற்றிவிடுவேன். ஒரு சிட்டிகைப் பஞ்சை எடுத்து லிம்பின் இரு ஓரங்களிலும் மேலிருந்து கீழாக மெதுவாக இழுப்பேன். கண்ணுக்குத் தெரியாத சிம்பு தூக்கியிருந்தால் பஞ்சு அங்கே சிக்கி ஓர் இழையை விட்டுவிட்டு வரும். அந்த இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொள்வேன். அடுத்து, அறையை இருட்டாக்கி டார்ச்சை லிம்பின் மேல் படுக்கையாகப் பிடிப்பேன். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் மறைந்துகொள்ளும் கோடுகள் படுக்கை வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். லிம்பின் நீளவாக்கில் ஓடும் மெல்லிய கோடுகள் பழைய ஃபைபர் கிளாஸில் சாதாரணம். பெரும்பாலும் அவற்றால் ஆபத்தில்லை. குறுக்காக ஓடும் கோடு வேறு. நகத்தை அதன் மேல் ஓட்டினால் வெறும் வார்னிஷ் வெடிப்பு என்றால் நகம் வழுக்கிக்கொண்டு போகும். தட்டி நின்றால் ஃபைபர் கிளாஸே விட்டிருக்கிறது. அப்படிப்பட்ட வில்லை நான் யாருக்கும் எய்யக் கொடுப்பதில்லை. மரமும் ஃபைபர் கிளாஸும் சேரும் ஓரத்தில் தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தால் ஒட்டு பிரிந்துவிட்டது. பசை தடவிக் கவ்விப் போட்டுச் சரிசெய்துவிடலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அந்தப் பசை பிடித்ததா இல்லையா என்பது முழுதாக இழுக்கும்போதுதான் தெரியவரும்.

இவற்றில் தேறிய பிறகே நாணைப் பூட்டுவேன். அதற்கென்று இருக்கும் ஸ்டிரிங்கர் கயிற்றை மட்டுமே பயன்படுத்துங்கள். ஒரு காலை வில்லுக்குள் நுழைத்துத் தொடையில் வளைத்துப் பூட்டுவது பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் லிம்ப்கள் முறுக்கிக்கொள்வதற்கு அதுவே பெரிய காரணம். பூட்டிய வில்லின் ஒரு முனையைக் கண்ணருகே வைத்து மறுமுனையை நோக்குங்கள். நாண் இரு லிம்ப்களுக்கும் சரி நடுவே ஓட வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து காடியை விட்டு நழுவப் பார்த்தால் முறுக்கு இருக்கிறது. சிறிய முறுக்கைப் பழகிய கை பொறுமையாகத் திருப்பிவிடும். பெரிய முறுக்குள்ள வில்லை விட்டுவிடுங்கள்.

நாணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அம்மாபேட்டை வில்லைக் கெடுத்தது அதுதான். அந்தக் காலத்து வில்களுக்கு டாக்ரான் என்ற பாலியெஸ்டர் நூலில் நாண் திரிப்பார்கள். அது சற்றே இழுபடும். அம்பு விடுபடும்போது ஏற்படும் அதிர்ச்சியைத் தான் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். 1980களின் நடுவில் ஃபாஸ்ட் ஃபிளைட் போன்ற, ஏறத்தாழ இழுபடாத நாண்கள் வந்தன. அம்பு வேகமாகப் போகும், உண்மைதான். ஆனால் அதிர்ச்சி முழுவதும் வில்லின் முனையில் போய் விழுகிறது. அந்த நாண்கள் வந்த பிறகே வில் செய்பவர்கள் முனைகளுக்குக் கூடுதல் வலு கொடுக்கத் தொடங்கினார்கள். பழைய முனைக்கு அந்தப் பலம் இல்லை. மெல்லிய நாண் காடியைக் கத்தியைப்போல அறுத்துவிடும். அம்மாபேட்டைக்காரருக்கு யாரோ நல்லெண்ணத்தில் 'நவீன நாண்' மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். செய்த நிறுவனத்தின் மேல் குற்றமே இல்லை. அறுபது ஆண்டு தாக்குப்பிடித்த முனை, பொருந்தாத நாணால் ஒரே மாலையில் போய்விட்டது. நாணின் நீளமும் கணக்கோடு இருக்க வேண்டும். வில்லில் ஏ.எம்.ஓ. (வில் தயாரிப்பாளர் சங்க அளவுப்படி வில்லின் நீளம்) 58 அங்குலம் என்று இருந்தால் நாண் அதைவிட 3 அங்குலம் குறைவாக, 55 ஆக இருக்க வேண்டும்.

அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடுவதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் எடுத்ததும் செய்வது அதுதான். அம்பு சுமந்து போக வேண்டிய விசை முழுவதும் வில்லுக்கே திரும்புகிறது. ஒருமுறை போதும், நல்ல வில்லும் பிளந்துவிடும்.

சில மாதங்களுக்கு முன் ஏற்காட்டில், நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்து பங்களாவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தாத்தா காலத்து மரப்பெட்டியைத் திறந்ததில் இரண்டு வில்கள் இருந்தனவாம். ஒன்று இங்கிலாந்தில் செய்த எஃகுக் குழாய் வில். அந்த வீட்டுப் பையன் கல்லூரியில் படிப்பவன். அதற்கு நாண் வாங்கித் தயாராக வைத்திருந்தான். "இது இரும்பு அங்கிள், மரத்தைவிடப் பலம்தானே?" என்று கேட்டான். உருக்காலை உள்ள ஊருக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் அப்படி நினைப்பது இயல்புதான். ஆனால் அந்தக் குழாய் உள்ளே காலி. ஏற்காட்டு மூடுபனியின் ஈரம் பல பத்தாண்டுகளாக உள்ளே இறங்கித் துருவாக அரித்திருக்கும். வெளியே வண்ணப்பூச்சு அப்படியே இருக்கும். மரவில் உடையும் முன் முனகும், சிம்பு தூக்கும், ஏதாவது ஓர் அடையாளம் காட்டும். எஃகு வில் எந்த அறிகுறியும் காட்டாமல் பட்டென்று முறியும். பழைய எஃகு வில்லை எந்த நிலையிலும் எய்யாதீர்கள். கண்ணாடிப் பேழையில் வையுங்கள். அது அதற்குத் தகுதியான பொருள்தான். மெக்னீசியம் வார்ப்பில் செய்த கைப்பிடி உள்ள, லிம்ப்களைத் தனியே கழற்றி மாட்டும் டேக்டவுன் வில்களையும் இதே பயத்தோடு பாருங்கள்.

விலை என்று கேட்டால், பழைய வில்லுக்கு இரண்டு விலைகள் உண்டு: சுவரில் மாட்டும் விலை, எய்யும் விலை. நாண் பூட்டிப் பார்க்க விடாத வில்லுக்குச் சுவர் விலைக்கு மேல் கொடுக்கவே கூடாது. 'பூட்டினால் வார்னிஷ் போய்விடும்', 'நாண் இல்லை, மற்றபடி புதுசு' என்பவையெல்லாம் விற்பவரின் சாக்குகள். இணையத்தில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைத் தேடிப் பாருங்கள். இரண்டும் மலைக்கும் மடுவுக்கும். எய்வதற்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால், அதே பாரமுள்ள புதிய டேக்டவுன் வில்லின் விலையே உச்சவரம்பு. புதியதற்கு உத்தரவாதம் உண்டு; லிம்ப் உடைந்தால் லிம்பை மட்டும் மாற்றலாம். ஒரே துண்டாகச் செய்த பழைய வில்லில் அந்த வசதி இல்லை. யமஹாவின் பழைய வில்களும் மிக நேர்த்தியானவை. ஆனால் அவர்கள் 2002இல் வில் தயாரிப்பை நிறுத்திவிட்டதால் உதிரிகள் கிடைப்பது கடினம்.

சேகரிப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அசல் எழுத்து அழியாமல், ஓட்டை எதுவும் போடாமல் இருக்கும் வில்லுக்குத்தான் மதிப்பு. குறிபார்க்கும் சைட் மாட்டத் திருகிய இரண்டு துளைகள், ஆசையாக மறுபடி அடித்த வார்னிஷ், இவை மதிப்பைக் குறைத்துவிடும். தயவுசெய்து உப்புத்தாளைத் தொடாதீர்கள். இடதுகைக்காரர்களின் வில்லை வாங்குபவர் குறைவு, ஆகவே மலிவாகக் கிடைக்கும். உங்கள் வீட்டில் இடதுகைப் பிள்ளை இருந்தால் அது அதிர்ஷ்டம். பழைய விளம்பரங்களில் 'வேட்டை வில்' என்று இருப்பதைப் பார்த்துச் சேர்வராயன் மலைக்காட்டுக்குள் எடுத்துப் போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம்.

வாங்கியபின் கெடுப்பது பெரும்பாலும் நம் வெயில்தான். கோடையில் சேலத்தில் பூட்டி நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டிவிடும். பழைய பசை இளகிவிடும். டீ குடித்துவிட்டு வருவதற்குள் லிம்ப் முறுக்கிக்கொண்ட வில்லை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூலையில் சாய்த்து நிறுத்தாமல், நாணைக் கழற்றி, இரண்டு ஆணிகள் மேல் படுக்கையாக வையுங்கள்.

அம்மாபேட்டைப் பெண் இப்போது 20 பவுண்டு வில்லில் பழகுகிறாள். பழைய வில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் நாண் இல்லாமல் தொங்குகிறது. நாகலூர் பெட்டியில் இருந்த இரண்டாவது வில், பேர் ஆர்ச்சரியின் 58 அங்குல 'கிரிஸ்லி'. பஞ்சு எங்கும் சிக்கவில்லை, முறுக்கும் இல்லை. ஓர் இரவு நாண் பூட்டிய நிலையில் வைத்திருந்து, மறுநாள் பத்து அங்குலம், பதினைந்து, இருபது என்று கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பழக்கினேன். தராசில் மாட்டியபோது 28 அங்குலத்தில் 43 பவுண்டு காட்டியது, எழுதியிருந்தது 45. இத்தனை வயதுக்கு அது ஒரு குறையே அல்ல. 14 இழை டாக்ரானில் நாண் திரித்துவிட்டேன்; நடுவில் நூல் சுற்றும் வேலை மட்டும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை விடியலில், வெயில் ஏறும் முன், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே ஏற்காட்டுக்கு எடுத்துப் போகிறேன்.