கன்னிப் பெயருக்கு ஆண்பால் என்ன?

“விவாகரத்துக்குப் பின் அவர் தன் கன்னிப் பெயருக்குத் திரும்பினார்.” போன வாரம் ஒரு தொடரின் தமிழ் வசன வரியில் படித்தேன். இதற்கு முன் ஒரு வங்கிப் படிவம் ‘தாயாரின் கன்னிப் பெயர்’ கேட்டபோது பல்லைக் கடித்துக்கொண்டு நிரப்பினேன். இனிப் பொறுப்பதாக இல்லை.

மூலச்சொல் மெய்டன் நேம். ‘மெய்டன்’ பழைய ஆங்கிலத்திலிருந்தே வருவது, மணமாகாத பெண் என்று பொருள். மணமானதும் கணவரின் சர்நேமை ஏற்கும் பெண்ணுக்கு அதுவரை இருந்த சர்நேம்தான் மெய்டன் நேம். சர்நேம் பிரெஞ்சு வழி வந்தது. ‘சர்’ என்றால் மேல். இட்ட பெயருக்கு மேல் சேர்ந்த பெயர். ஆதியில் பட்டப்பெயரையும் அப்படித்தான் சொன்னார்கள். இன்றைய பொருளுக்குக் குடும்பப் பெயர் போதும். ‘கடைசிப் பெயர்’ வேண்டாம். சீனரும் ஜப்பானியரும் ஹங்கேரியரும் அதை முதலில் எழுதுகிறார்கள்.

சரி, கன்னிக்கு வருவோம். மணமாகாத பெண் என்ற பொருள் அதற்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இன்னொரு சொல்லோடு ஒட்டும்போது அது வேறு வேலை பார்க்கிறது. கன்னிப் பேச்சு என்றால் முதல் பேச்சு. கன்னி முயற்சி என்றால் முதல் முயற்சி. அந்தக் கணக்கில் கன்னிப் பெயர் என்பது ‘ஃபர்ஸ்ட் நேம்’ ஆகிவிடாதா? கேட்டது ஒன்று, எழுதுவது இன்னொன்று. அப்புறம், பெற்ற தாயின் பெயரைக் கேட்கும் இடத்தில் கன்னியைக் கொண்டுவந்து நிறுத்தினால் காதுக்கும் நன்றாக இல்லை.

அந்தப் பெயர் கன்னிப்பருவத்தோடு முடிவதும் இல்லை. மேரி கியூரி மணத்துக்குப் பிறகும் ஸ்க்வொடோவ்ஸ்கா-கியூரி என்று இரண்டையும் சேர்த்து எழுதியவர். ஜப்பானியக் குடிமைச் சட்டத்தின் 750ஆம் பிரிவு, தம்பதி இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர்தான் இருக்க வேண்டும் என்கிறது. யாருடையது என்பது அவர்கள் விருப்பம். பெரும்பாலும் மனைவிதான் மாற்றிக்கொள்கிறார் என்றாலும் மாற்றும் கணவர்களும் உண்டு. அந்தக் கணவரின் பழைய பெயரை நம் மொழிபெயர்ப்பாளர் என்னவென்று எழுதுவார்? பிரெஞ்சுக்காரர்கள் ‘இளம்பெண் பெயர்’ என்று பொருள்படும் தங்கள் சொல்லை 2012இல் ஒரு சுற்றறிக்கை போட்டு அரசுப் படிவங்களிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். அங்கே கழற்றிப் போட்டதை நாம் இங்கே மாட்டிக்கொண்டு திரிகிறோம்.

மாற்றுச் சொற்களும் முழுதாகத் தேறவில்லை. ‘மணமுன் பெயர்’ பார்க்கச் சுருக்கமாக இருக்கிறது. ஆனால் மறுமணம் செய்தவருக்கு மணத்துக்கு முந்தைய பெயர் முதல் கணவருடையதாகவும் இருக்கலாமே. ‘தாய்வீட்டுப் பெயர்’ பேச்சில் இனிக்கும். பெரும்பாலும் அது தந்தை வழி வந்த பெயர் என்பதால் ‘தாயாரின் தாய்வீட்டுப் பெயர்’ என்று படிவத்தில் போட்டால் பாட்டியின் பெயரை எழுதிவிடுவார்கள். ஜெர்மானியர்கள் ‘பிறப்புப் பெயர்’ என்கிறார்கள். கெட்ட சொல் இல்லை. தமிழில் அது பிறந்தபோது வைத்த முழுப்பெயர் என்றும் படும், அதுதான் சிக்கல்.

பிறந்தகம் என்று கையருகே ஒரு சொல் கிடக்கும்போது ஏன் இந்தப் பாடு? பிறந்த அகம், பிறந்த வீடு. பிறந்தகப் பெயர் என்றால் வீட்டின் பெயர் என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது, குடும்பப் பெயரைத்தான் கேட்கிறார்கள் என்பதும் புரிகிறது. பெண்களுக்கு மட்டும் வழங்கும் சொல்லாயிற்றே என்று ஒரு நண்பர் கேட்டார். வழக்கில் அப்படித்தான். ஆனால் சொல்லுக்குள் பெண்பால் எதுவும் இல்லை. வீட்டோடு மாப்பிள்ளைக்கும் பிறந்தகம் உண்டு. எதிர்ப்பக்கத்துக்கு, அதாவது ஏற்றுக்கொண்ட பெயருக்கு, புகுந்தகப் பெயர் என்றே சொல்லலாம். அது பிடிக்காதவர்கள் மணவழிப் பெயர் என்று எழுதட்டும், எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டையெல்லாம் அகராதியைத் திறந்து முதலில் கிடைத்த சொல்லை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறவர்களோடுதான். அதைக்கூடச் செய்யாதவர்களும் இருக்கிறார்கள். பழைய பெயருக்கு முன்னால் ஆங்கிலத்தில் போடும் ‘நே’ (née) பிரெஞ்சுச் சொல், ‘பிறந்த’ என்று பொருள். ஆங்கில எழுத்தை அப்படியே கூட்டிப் படித்து ‘மேரி கியூரி, நீ ஸ்க்வொடோவ்ஸ்கா’ என்று எழுதிய கட்டுரை ஒன்று என் கைக்கு வந்தது. இரண்டு நோபல் பரிசு வாங்கிய அம்மையாரை எதற்கு ஒருமையில் விளிக்கிறார்கள் என்று ஒரு நிமிடம் திகைத்துவிட்டேன்.