'தோம்' விழும் நொடி

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு மண்டபத்தில் பரதநாட்டியப் போட்டி. அக்கா மகளுக்கு 13 வயது, முதல் முறையாகத் தனியே மேடையேறுகிறாள். "மாமா, நீங்கதான் ஃபோட்டோ" என்று ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டாள். கல்யாண வீடுகளில் படம் எடுத்த தைரியத்தில் நானும் தலையாட்டிவிட்டேன். திரை விலகுவதற்கு முன் மைக்கில் அறிவிப்பு வந்தது: "படம் எடுக்கலாம், ஆனா தயவுசெஞ்சு யாரும் ஃபிளாஷ் போடாதீங்க." மண்டப விளக்குகள் அணைந்தன. அன்றைக்கு 240 படம் எடுத்தேன். பார்க்கும்படி வந்தவை ஏழு. மற்றவற்றில் முகம் இருந்தது. கை இருக்க வேண்டிய இடத்தில் புகை இருந்தது.

அந்த அறிவிப்பில் நியாயம் உண்டு. நம் விழித்திரையில் ஒளியை வாங்கும் நிறமிகள் இருக்கின்றன. பளீரென்று வெளிச்சம் பட்டால் அவை வெளுத்துப்போகும். பழைய நிலைக்குத் திரும்பும் வரை கண் முன்னால் ஒரு பொட்டு மிதக்கும். சுற்றி வந்து ஒற்றைக் காலில் நிற்க வேண்டிய பெண்ணுக்கு அது பெரிய இடைஞ்சல். சரி, விதியை மீறிப் போட்டாலும் பலன் ஒன்றும் கிடையாது. ஃபிளாஷ் ஒளி தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 3 மீட்டரில் விழும் ஒளியில் 25-ல் ஒரு பங்குதான் 15 மீட்டரில் விழும். முன்வரிசை மாமாவின் வழுக்கை பளபளக்கும், மேடை அப்படியே இருக்கும்.

மேடை அவ்வளவு இருட்டா என்று கேட்கலாம். கண்ணுக்கு அப்படித் தெரியாததுதான் சிக்கல். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். நடுப்பகல் வெயில் ஏறக்குறைய 100,000 லக்ஸ். மேடை விளக்கு நேராக விழும் இடத்தில் சில நூறு லக்ஸ்தான். 600 என்று வைத்துக்கொள்வோம். 150 மடங்குக்கு மேல் குறைவு. கண் அதை நமக்குக் காட்டிக்கொடுக்காது. கண்பாவை விரிந்து, விழித்திரை பழகி, மூளையும் இட்டு நிரப்பி, எல்லாம் தெரிவதாக நம்மை நம்பவைத்துவிடும். கேமரா அப்படி இல்லை, அது கணக்குப்பிள்ளை. வந்த ஒளியை எண்ணி அப்படியே எழுதி வைக்கும்.

எண்ணி என்பதைச் சும்மா சொல்லவில்லை. ஒளி தனித்தனித் துகள்களாகச் செயல்படுகிறது என்று ஐன்ஸ்டைன் 1905-இல் எழுதினார். 1921-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்கு அதற்காகத்தான் கிடைத்தது. கேமராவின் சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் ஒரு குட்டிக் கிண்ணம். ஒளித்துகள் சிலிக்கானில் மோதினால் ஓர் எலெக்ட்ரான் கிளம்பும், கிண்ணத்தில் சேரும். ஷட்டர் மூடியதும் எத்தனை சேர்ந்தன என்று அளப்பதுதான் படம்.

இருட்டில் எடுத்த படம் ஏன் மணல் தூவினாற்போல் பொரிப்பொரியாக இருக்கிறது என்பதற்குக் கோலாலம்பூரின் சாயங்கால மழையே விளக்கம் சொல்லும். கடை முன் அஞ்சடி நடைபாதையில் ஒதுங்கி நின்று வெளியே தரைக்கற்களைப் பாருங்கள். தூறல் தொடங்கும்போது ஒரு கல்லில் மூன்று துளி, பக்கத்துக் கல்லில் ஏழு, அடுத்ததில் ஒன்றுகூட இல்லை. மழை பெய்யப் பெய்ய அந்த ஏற்றத்தாழ்வு கரைந்துவிடும். ஒளித்துகளும் இப்படித்தான், வரிசையில் நின்று வருவதில்லை. சராசரியாக 100 துகள் விழும் பிக்சலில் ஏறக்குறைய 10 கூடவோ குறையவோ விழும், அதாவது பத்து விழுக்காடு தடுமாற்றம். 10,000 விழுந்தால் தடுமாற்றம் 100, ஒரே விழுக்காடு. எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் தடுமாற்றம். எவ்வளவு விலை உயர்ந்த கேமராவாக இருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது, ஏனென்றால் இது ஒளியின் குணம்.

படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கக் கேமராவில் ஐஎஸ்ஓ என்று ஓர் எண் உண்டு. அதைக் கூட்டினால் சென்சார் கூர்மையாகிவிடும் என்று நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிடித்துவைத்த மழைநீரின் அளவை ஐஎஸ்ஓ மாற்றுவதில்லை. சேர்ந்ததைப் பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவுதான்; திருவிழா ஒலிபெருக்கியில் சத்தத்தைக் கூட்டினால் பாட்டோடு கரகரப்பும் கூடுகிற மாதிரி. இருட்டுப் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணினியில் வெளுப்பாக்குவதைவிட அங்கேயே கூட்டிக்கொள்வது பெரும்பாலும் நல்லது, அதுவும் உண்மை. ஆனால் நிஜமாகவே ஒளியைக் கூட்ட இரண்டே வழிதான்: லென்ஸின் துளையைப் பெரிதாக்கலாம், ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கலாம்.

ஷட்டரில் கை வைத்தால் ஆடுகிற பெண் விடமாட்டாள். வேகமான அடவில், அதாவது ஆட்ட அசைவில், கை நொடிக்கு 4 மீட்டர் போகிறது என்று கொள்வோம். 1/60 நொடி ஷட்டர் திறந்திருந்தால் அதற்குள் கை கிட்டத்தட்ட 7 செ.மீ. நகர்ந்துவிடும். என் 'புகை' அதுதான். 1/500 நொடி என்றால் 8 மி.மீ. 3 மீட்டர் உயரக் காட்சியை 4,000 பிக்சலில் அடைக்கும் கேமராவில் அது பத்துப் பிக்சல் அளவு. விரல் நுனி லேசாகக் கலங்கும், முத்திரை தெரியும். ஆக, 1/500 வேண்டும். லென்ஸின் துளையை எஃப் எண்ணால் சொல்வார்கள், எண் சிறிதானால் துளை பெரிது. 600 லக்ஸ் வெளிச்சத்தில் எஃப் 2.8 லென்ஸுக்கு அது ஐஎஸ்ஓ 1600-இல் கிடைத்துவிடும். கேமராவோடு சேர்ந்து வரும் சாதாரண லென்ஸை நீட்டினால் எஃப் 5.6 ஆகிவிடும், நான்கில் ஒரு பங்கு ஒளி, ஐஎஸ்ஓ 6400. அதனால்தான் மேடைப் படம் எடுப்பவர்கள் 85 மி.மீ. எஃப் 1.8 போன்ற லென்ஸைத் தேடுகிறார்கள். எஃப் 5.6-ஐவிட ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை அது உள்ளே விடும். அதற்கும் ஒரு விலை உண்டு. 8 மீட்டர் தூரத்தில், பெரிய சென்சாரில், தெளிவாக விழும் ஆழம் ஒரு மீட்டர்தான். தனி ஆட்டத்துக்கு அது போதும். குழு நடனத்தில் பின்வரிசைப் பிள்ளைகளின் அம்மாக்களிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

எல்இடி விளக்குகள் தனித் தலைவலி. கோடாக்கைச் சேர்ந்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பில்தான் பெரும்பாலான சென்சார்கள் நிறத்தைப் பிரிக்கின்றன: பிக்சல்களில் பாதி பச்சை பார்க்கும், கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். மேடை முழுக்க நீல விளக்கு என்றால் நாலில் ஒரு பிக்சல்தான் உருப்படியாக வேலை செய்கிறது, மற்றவை பட்டினி. சிவப்பு விளக்கு முகத்தில் விழும்போது சிவப்புக் கிண்ணங்கள் நிரம்பி வழிந்துவிடும். மூக்கு, கன்னம் எல்லாம் ஒரே தட்டையான சிவப்பு. இதைத் திரும்ப மீட்க முடியாது. வெள்ளையோ மஞ்சளோ வரும் வரை பொறுத்திருப்பதே மேல்.

விளக்குகளின் துடிப்பும் உண்டு. மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதாரண விளக்குகள் பல நொடிக்கு 100 தடவை துடிக்கும். நமக்குத் தெரியாது. 1/500 நொடி ஷட்டருக்குத் தெரியும். அடுத்தடுத்த படங்களில் ஒன்று வெளிச்சமாக, ஒன்று மங்கலாக வரும். மங்கலாக்கிய எல்இடியோ இன்னும் வேகமாக அணைந்து அணைந்து எரியும். சத்தமே வராத எலெக்ட்ரானிக் ஷட்டர் படத்தை வரி வரியாகப் படிப்பதால் பட்டை பட்டையாக விழும். என் முதல் போட்டியில் மரியாதைக்காகச் சத்தமில்லாத ஷட்டரை வைத்து, புலிவேஷம் போட்டாற்போல் வரிகளோடு படங்களைக் கொண்டுவந்தேன்.

இவ்வளவு கணக்குக்கும் பிறகு என் படங்களை மாற்றியது லென்ஸ் இல்லை, காது. ஆட்டம் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. 30 செ.மீ. துள்ளிக் குதித்தால் காற்றில் இருப்பது சுமார் அரை நொடி. அதில் சரிபாதி நேரம் உடல் உச்சியின் மேல் கால்பகுதிக்குள்ளேயே, வெறும் 7.5 செ.மீ. இடைவெளியில் இருக்கிறது. பரதத்தில் இன்னும் நல்ல இடம் தீர்மானம், அதாவது ஒரு அடவுக் கோவையை முடித்துவைக்கும் இடம். 'ததிங்கிணதோம்' மூன்று முறை வரும். மூன்றாவது 'தோம்'மில் கை, கால், கண் எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கும். அந்த நிலையில் 1/125 போதும். 1/500-ஐவிட நான்கு மடங்கு ஒளி, செலவில்லாமல்.

ஆனால் நிற்பதைப் பார்த்த பிறகு அழுத்தினால் போச்சு. கண் பார்த்து விரல் அசைய ஏறக்குறைய 0.2 நொடி ஆகும், அதற்குள் அடுத்த அடவு தொடங்கியிருக்கும். தாளத்தோடு தட்டும்போது கதையே வேறு. மனிதர்கள் தாளத்துக்கு விரலைத் தட்டினால் சில பத்து மில்லிநொடி முந்தியே தட்டுகிறார்கள் என்பது ஆய்வகங்களில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். மூளை அடியை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. மண்டபத்தின் பின்வரிசையில் நிற்பவருக்கு இந்த முந்தல் உதவியும் செய்யும். ஒலிபெருக்கியிலிருந்து 20 மீட்டர் தள்ளி நின்றால் 'தோம்' அவர் காதுக்கு வர 60 மில்லிநொடி ஆகும், காட்சியோ உடனே வந்துவிடும்.

அடுத்த போட்டிக்கு முன் அக்கா மகளின் ஒத்திகைக்குப் போய், கேமராவைத் தொடாமல், தொடையில் தாளம் போட்டுக்கொண்டு மூன்று தடவை பாட்டைக் கேட்டேன். போட்டியில் 90 படம்தான் எடுத்தேன். பாதிக்கு மேல் தேறின. கடைசித் தீர்மானத்தில் எடுத்தது மட்டும் அப்படியொரு தெளிவு, சலங்கையின் மணிகளை எண்ணலாம். இரவு தே தாரிக் கடையில் பெருமையாக அவளிடம் கேமராவை நீட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"மாமா, இதுல நான் அரைமண்டி சரியா உக்காரவே இல்ல. அழிச்சிடுங்க."