துளையில்லாக் குழலின் ஸ்வரங்கள்

விரல் துளையே இல்லாத குழலில் எப்படிப் பாட்டு வாசிக்கிறார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவர் சொல்வது நார்வே நாட்டின் வில்லோ குழல். அங்கே அதன் பெயர் செல்யெஃப்ளொய்தெ. வசந்தத்தில் மரத்தில் சாறு ஏறும்போது பட்டைக்கும் கட்டைக்கும் இடையே பிடிமானம் தளரும். கத்திப் பிடியால் கிளையைச் சுற்றித் தட்டி மெல்ல முறுக்கினால், பட்டை குழாயாகவே கழன்று வரும். ஒரு முனையில் கட்டையைச் செருகி, காற்று மோத ஒரு கூர்விளிம்பை வெட்டினால் குழல் தயார். இப்போது பிளாஸ்டிக் குழாயிலும் செய்கிறார்கள்.

பக்கவாட்டில் பிடித்து ஊதுவார்கள். ஒரே ஒரு விரல் கடைசி முனையைத் திறக்கும், மூடும். மற்றதெல்லாம் மூச்சின் வேகம்.

அரை மீட்டர் குழல் என்று வைத்துக்கொள்வோம். ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர். முனைத் திருத்தத்தை, அதாவது காற்று குழலின் முனைக்குச் சற்று வெளியேயும் அதிர்வதற்காகச் சேர்க்கும் சிறு கணக்கை, விட்டுவிடலாம். முனையைத் திறந்து ஊதினால் அடிப்படை ஒலி 340 ஹெர்ட்ஸ். மூச்சின் வேகத்தைக் கூட்டக் கூட்ட ஒலி 680, 1020, 1360 என்று தாவும். மூடினால் அடிப்படை பாதியாகி 170 ஆகும். அதன் ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே வரும்: 510, 850, 1190. சரி, இரண்டையும் கலந்து அடுக்குங்கள்: 170, 340, 510, 680, 850, 1020... ஒரு மடங்குகூட விட்டுப்போகவில்லை! திறந்த குழல் விட்ட இடத்தையெல்லாம் மூடிய குழல் நிரப்புகிறது. பள்ளி ஆய்வகத்தில் இசைக்கவையோடு இப்படி ஒரு குழாயையும் கொடுத்தால், ஒத்ததிர்வு, அதாவது காற்று தன் இயல்பான அதிர்வெண்ணில் பலமாக அதிர்வது, மாணவர்களுக்கு மறக்கவே மறக்காது. அதற்குப் பெரிய நிதியும் வேண்டாம்.

கீழே முதல் மடங்கிலிருந்து இரண்டாவதுக்கு ஒரு முழு ஸ்தாயி இடைவெளி. மேலே போகப் போகப் படிகள் நெருங்கும். 170இன் 8ஆவது மடங்கை ஸட்ஜமாக வைத்தால், கர்நாடக இசைப் பெயர்களில் 9 சதுஸ்ருதி ரிஷபம், 10 அந்தர காந்தாரம், 12 பஞ்சமம். ஸ திறந்து, ரி மூடி, க திறந்து, ம மூடி, ப திறந்து!

அந்த மத்திமம்தான் 11ஆவது மடங்கு. மத்திமத்தின் கீழ் வகையான சுத்த மத்திமத்துக்கும் மேல் வகையான பிரதி மத்திமத்துக்கும் ஏறக்குறைய நட்டநடுவில் நிற்கிறது. ஆர்மோனியத்தில் அதற்குக் கட்டை கிடையாது. அதற்காக அதை அபஸ்வரம் என்று சொல்ல நான் தயாரில்லை. அந்தக் காற்றுத்தம்பம் இயல்பாக அதிரும் இடம் அது. 13ஆவது மடங்கும் அப்படித்தான், இரண்டு தைவதங்களுக்கு நடுவில் விழுகிறது.