டிகிரி என்றால் பாகை

காய்ச்சல் வந்தால் ‘நூற்றிரண்டு இருக்கு’ என்கிறோம். அதே வீட்டில் ஏசியை ‘இருபத்துநாலில் வை’ என்கிறோம். இரண்டும் டிகிரிதான், முன்னது ஃபாரன்ஹீட், பின்னது செல்சியஸ். யாரும் குழம்புவதில்லை. வெயில் விஷயத்தில்தான் தடுமாற்றம். செய்தித்தாளில் ‘வெயில் சதமடித்தது’ என்றால் அது 100 ஃபாரன்ஹீட். செல்சியஸில் சொன்னால் 37.8தான். சதம் போட வசதியாக இருப்பதால்தான் நம் நாளிதழ்கள் ஃபாரன்ஹீட்டை விடமாட்டேன் என்கின்றனவோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

டிகிரிக்கு வேர் லத்தீனின் ‘கிராடுஸ்’. படி என்று பொருள். ஆங்கிலத்தில் கோணம், வெப்பம், கல்லூரிப் படிப்பு மூன்றுக்கும் இந்த ஒரே சொல்தான். தமிழில் படிப்புக்குப் பட்டம், கோணத்துக்குப் பாகை. பாகை, பாகம் என்பதன் உறவு: முழுசாக இருப்பதைச் சமமாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு கூறு. வட்டத்தில் 360-இல் ஒரு பங்கு. ஜியாமெட்ரி பாக்ஸில் கிடக்கும் பாகைமானியில் இருப்பதும் இதுதான். இலங்கைத் தமிழில் வெப்பநிலைக்கும் ‘30 பாகை செல்சியஸ்’ என்று எழுதுகிறார்கள். நாமும் எழுதலாம்.

இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டால் செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக மாற்றும் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம். பனிக்கட்டி உருகும் இடத்துக்கும் தண்ணீர் கொதிக்கும் இடத்துக்கும் நடுவே உள்ள தூரத்தைச் செல்சியஸ் 100 பாகையாகப் பிரிக்கிறது. ஃபாரன்ஹீட் 180 பாகையாகப் பிரிக்கிறது. 180-ஐ 100-ஆல் வகுத்தால் 9/5. ஃபாரன்ஹீட் எண்ணத் தொடங்கும்போதே பனிக்கட்டி 32-இல் நிற்கிறது. அதனால் கடைசியில் 32 கூட்டல். மனக்கணக்குக்கு: இரட்டிப்பாக்கி, அதில் பத்தில் ஒன்றைக் கழித்து, 32 சேருங்கள். 40 செல்சியஸ் என்றால் 80, 72, அப்புறம் 104.

அந்த 32 எங்கிருந்து வந்தது? டான்சிக் நகரில் பிறந்த ஃபாரன்ஹீட் 1724-இல் எழுதிய கட்டுரையில், பனிக்கட்டியும் தண்ணீரும் நவச்சார உப்பும் சேர்ந்த கலவையின் குளிரைப் பூஜ்யமாக வைத்தார். வெறும் பனிக்கட்டித் தண்ணீர் 32, மனித உடல் 96. செல்சியஸ் சுவீடனின் உப்சாலாவில் வானியல் பேராசிரியர். 1742-இல் அவர் போட்ட அளவு தலைகீழ்: கொதிநிலை 0, உறைநிலை 100. 1744-இல் அவர் இறந்த பிறகுதான் அது திருப்பிப் போடப்பட்டது.

சென்டிகிரேடு என்ற பழைய பெயருக்கு ‘நூறு படி’ என்று பொருள். பிரெஞ்சில் அது ஒரு கோண அளவின் பெயராகவும் இருந்ததால், 1948-இல் செல்சியஸ் என்றே அதிகாரபூர்வமாக மாற்றினார்கள். செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஆட்களின் பெயர்கள், தமிழாக்க வேண்டியதில்லை. பாகை போதும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ‘வெப்பநிலை 2 பாகை செல்சியஸ் கூடும்’ என்ற செய்தியை மாற்றும்போது 32-ஐத் தொடாதீர்கள். அங்கே பேச்சு எத்தனை பாகை ஏறும் என்பதுதான், 3.6 ஃபாரன்ஹீட். 35.6 என்று போட்டால் ஊரே வெந்துவிடும்.