டிகாக்‌ஷன்: காய்ச்சியதா, வடித்ததா?

எங்கள் வீட்டில் காப்பி நன்றாக இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதும்: கசாயம். அப்பத்தா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை டபராவில் வைத்து, "என்னத்தா இது, கசாயமால்ல இருக்கு" என்றால் அன்றைக்கு அடுப்படியில் நின்றவர்களின் முகம் வாடிவிடும். காப்பி நன்றாக அமைந்த நாளில் அதே அப்பத்தா, "டிக்காசன் நல்லா இறங்கியிருக்கு" என்பார். வெகு காலம் கழித்து அகராதியைப் புரட்டியபோதுதான் எனக்கு விளங்கியது. டிகாக்‌ஷன் என்ற சொல்லுக்குப் பொருளே கசாயம்தான். அப்பத்தா வைததும் பாராட்டியதும் ஒரே பொருளுள்ள இரண்டு சொற்களால்.

சொல்லின் வேரைப் பார்ப்போம். லத்தீனில் ‘கோக்வெரெ’ என்றால் சமைத்தல். அதனோடு ‘டே’ என்ற முன்னொட்டு சேர்ந்து ‘டேகோக்வெரெ’ ஆனது. காய்ச்சிக் காய்ச்சி வற்றவைத்தல் என்பது பொருள். அதிலிருந்து பிறந்த டிகாக்‌ஷன் 14ஆம் நூற்றாண்டு முதல் ஆங்கிலத்தில் வழங்குகிறது. சமையலுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘குக்’ என்பதும் அதே வேரிலிருந்து வந்ததுதான். மருந்து செய்பவர்கள் இந்தச் சொல்லை நிறையப் பயன்படுத்தினார்கள். வேர், பட்டை, தண்டு போன்ற கடினமான சரக்குகளைத் தண்ணீரில் போட்டு, நீர் சுண்டும்வரை கொதிக்கவைத்து எடுப்பது டிகாக்‌ஷன். இலை, பூ போன்ற மென்மையானவற்றின் மீது வெந்நீரை ஊற்றி ஊறவைத்து எடுப்பது இன்ஃபியூஷன். இரண்டையும் அவர்கள் குழப்பிக்கொண்டதில்லை.

நம் சித்த மருத்துவத்திலும் இந்தப் பிரிவினை தெளிவாகவே இருக்கிறது. காய்ச்சி வற்றவைப்பது குடிநீர். நிலவேம்புக் குடிநீரை எல்லாரும் குடித்திருப்போம். 2020இல் கபசுரக் குடிநீரைத் தெருத்தெருவாகக் கொடுத்தார்கள். நாலில் ஒன்றாக, எட்டில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சு என்று அளவு சொல்வார்கள். ஊறவைத்து எடுப்பது ஊறல். ஆவியாக்கிக் குளிர்வித்து எடுப்பது தீநீர். கடையில் ஓமவாட்டர் என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான் ஓமத் தீநீர். ஆக, டிகாக்‌ஷனுக்கு மருத்துவத் தமிழில் சரியான சொல் குடிநீர். வடமொழி வழியாக வந்த சொல் கசாயம். வடமொழியில் ‘கஷாய’ என்பதற்குத் துவர்ப்புச் சுவை என்றொரு பொருளும் உண்டு. கடுக்காயும் பட்டையும் காய்ச்சிய நீர் துவர்க்கத்தானே செய்யும்? துறவிகள் உடுத்தும் காஷாயமும் அந்தக் குடும்பத்துச் சொல்தான்.

இனி காப்பி ஃபில்டருக்கு வருவோம். மேலே அடியில் துளை போட்ட பாத்திரம், கீழே ஏந்திக்கொள்ளும் பாத்திரம். மேல் பாத்திரத்தில் பொடியைப் போட்டு, குடை என்று நாம் சொல்லும் காம்பு வைத்த துளைத் தட்டால் லேசாக அமுக்கி, நன்றாகச் சுட்ட தண்ணீரை ஊற்றி மூடிவிடுகிறோம். அதன்பின் அதற்கு அடுப்போடு எந்தச் சம்பந்தமும் இல்லை. தண்ணீர் தன் எடையாலேயே பொடிக்குள் புகுந்து, கரைவதைக் கரைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. புதிதாக வறுத்து அரைத்த பொடியாக இருந்தால், வறுக்கும்போது உள்ளே தங்கிய கரியமில வாயு வெளியேறி மேலே நுரை கட்டும். பொடி பழசா புதுசா என்பதை அப்பத்தா அந்த நுரையைப் பார்த்தே சொல்லிவிடுவார். அவசரப்பட்டு ஃபில்டரைத் தட்டினாலோ குடையை மறுபடி அமுக்கினாலோ வசவு விழும்.

இதில் எங்கேயும் காய்ச்சுவது இல்லை, வற்றவைப்பது இல்லை. நடப்பது வடிதல். அறிவியலில் இதைப் பெர்கொலேஷன் என்பார்கள். லத்தீனில் ‘கோலாரே’ என்றால் வடிகட்டுதல். ஆகவே ஃபில்டரில் இறங்குவதை டிகாக்‌ஷன் என்பது, சொல்லின் கணக்கில், பிழை.

அந்தப் பிழை நுழைந்தது எப்படி என்பது என் அனுமானம்தான், ஆனாலும் சொல்கிறேன். ஃபில்டர் இல்லாத வீட்டில் காப்பியைக் கொதிக்கவைத்துத்தான் போட வேண்டும். கருப்பட்டிக் காப்பியைப் பாருங்கள். தண்ணீரில் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, கொதி வந்ததும் பொடியைப் போட்டு, பொங்கவிட்டு, துணியிலோ வடிகட்டியிலோ வடித்துக் குடிக்கிறோம். அதை டிகாக்‌ஷன் என்று தாராளமாகச் சொல்லலாம். பாத்திரம் மாறிய பிறகும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது என்றே நினைக்கிறேன். காப்பி என்ற சொல்லுக்கே அந்த இளக்கம் உண்டு. சுக்குக் காப்பியில் காப்பிக்கொட்டை கிடையாது. சுடச்சுட, கறுப்பாக, ஆற்றிக் குடிப்பதெல்லாம் நமக்குக் காப்பிதான்.

காப்பி என்ற பெயர் வந்த வழியிலும் எங்கள் செட்டிநாட்டுக்கு ஒரு தொடர்பு உண்டு. அரபியில் ‘கஹ்வா’, துருக்கியில் ‘கஹ்வே’, டச்சில் ‘கோஃபி’, ஆங்கிலத்தில் ‘காஃபி’. ஆங்கிலம் வழியாக நமக்குக் காப்பி வந்தது. இலங்கைத் தமிழர்கள் கோப்பி என்பார்கள். அங்கே கரையோரத்தை டச்சுக்காரர்கள் ஆண்ட சுவடு அது. மலாய் மொழியிலும் ‘கோப்பி’தான். கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போன எங்கள் ஊர் ஐயாக்கள் பர்மா, இலங்கை, மலேயா என்று கடல்தாண்டி இருந்துவிட்டு வந்தவர்கள். மங்குச் சாமானும் தேக்குமரமும் வந்த வழியிலேயே சில சொற்களும் வந்தன. மலேயாவில் நீளமான துணிப்பையில் பொடியைப் போட்டு வெந்நீர் ஊற்றி வடிப்பார்கள். அதற்கும் இங்குள்ள ஃபில்டருக்கும் தத்துவம் ஒன்றுதான்.

கடைக் காப்பியில் எனக்கு வருத்தம் உண்டு. காரைக்குடியில் ஒரு கடையில் காலை ஆறு மணிக்குக் குடித்த காப்பி அருமையாக இருந்தது. பேருந்தைத் தவறவிட்டுவிட்டுப் பதினோரு மணிக்கு அதே கடைக்குப் போய் அதே காப்பியைக் கேட்டேன். புளிப்பும் கசப்புமாக நாக்கில் ஒட்டியது. காலையில் இறக்கியது அத்தனை நேரமும் பாய்லர் மேல் சூட்டிலேயே இருந்திருக்கிறது. காப்பியிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் தொடர்ந்து சூட்டில் இருந்தால் சிதையும். குயினிக் அமிலம் கூடும். நாவைச் சுருக்கும் அந்தச் சுவை அதிலிருந்து வருவது. வாசனை ஆவியாகப் போய்விடும். தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாக வற்றும். அகராதிப்படி பார்த்தால் காலை ஆறு மணிக்கு இருந்தது டிகாக்‌ஷன் அல்ல. பதினோரு மணிக்கு அது டிகாக்‌ஷன் ஆகிவிட்டது. "கசாயமா இருக்கு" என்ற வசவில் அப்பத்தா இந்த வேதியியலை முழுக்கச் சொல்லியிருந்தார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அதனால் கடைக்குப் போனால் "எப்ப இறக்குனது?" என்று கேட்க நான் தயங்குவதில்லை. கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல மாஸ்டர் கோபிப்பதில்லை. "அஞ்சு நிமிசம் இருங்க, புதுசு இறங்குது" என்பார். அந்த ஐந்து நிமிடம் காத்திருக்கலாம்.

வீட்டில் காப்பி நறுவிசாக அமைய வேண்டுமென்றால், பொடிக்கு முன்னால் தண்ணீரைப் பார்ப்பார் அப்பத்தா. ஆறு ஓடாத ஊர்கள் எங்களுடையவை. ஊருணி எடுத்து, கிணறு வெட்டி, மாடக் கூரையில் விழும் மழைநீரை அண்டாவில் பிடித்து வைத்து வாழ்ந்தவர்களுக்குத் தண்ணீரின் ருசி தெரியும். காரைக்குடிக்காரர்கள் சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்கள். காப்பிக்கென்று ஒரு குடம் நல்ல தண்ணீரைத் தனியாக எடுத்து வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அதற்குக் காரணமும் இருக்கிறது. கடினநீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் உப்புகள் காப்பியின் அமிலங்களை முறித்துவிடும். முறிந்தால் காப்பி சப்பென்று ஆகிவிடும். பொடியைக் கூட்டிப் போட்டாலும் அந்தக் குறை தீராது, கசப்புதான் ஏறும்.

சிக்கரியைப் பற்றி இரண்டு வரி. அது காசினிச் செடி வகையின் வேரை வறுத்து அரைத்தது. காஃபீன் கிடையாது, நிறமும் கனமும் தரும். கலவைப் பொடியில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, கலப்பு விகிதத்தை உறையில் அச்சிட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. ஆகவே உறையைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். கறுப்பாக இறங்குவதெல்லாம் காப்பியின் திடம் அல்ல.

சரி, தமிழில் இதை எப்படிச் சொல்வது? தனித்தமிழ் அன்பர்கள் காப்பிக்குக் கொட்டை வடிநீர் என்றார்கள். குளம்பி என்றும் ஒரு சொல் உண்டு. கொட்டையின் பிளவு மாட்டின் குளம்பைப் போல இருப்பதால் அந்தப் பெயர் என்பார்கள். கொட்டை வடிநீரைப் பலர் கேலி செய்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அந்தச் சொல்லை ஆக்கியவர் ஃபில்டரை உற்றுப் பார்த்திருக்கிறார். காய்ச்சுநீர் என்று சொல்லாமல் வடிநீர் என்றாரே, அந்த இடத்தில் டிகாக்‌ஷனைவிட அவர் சொல்தான் சரி. ஆனால் அது பால் சேர்த்த முழுக் காப்பிக்கு வைத்த பெயர். பால் சேர்க்கும் முன் ஃபில்டரின் அடியில் நிற்கும் அந்தக் கறுப்புச் சாற்றுக்கு நமக்குத் தனியாக ஒரு சொல் வேண்டும்.

சிலர் காப்பிக் கசாயம் என்று எழுதுகிறார்கள். அது மொழிபெயர்ப்பாகச் சரி, பொருளாகத் தவறு, வீட்டில் சொன்னால் சண்டை. வடிநீர் என்று மட்டும் சொல்லலாமா? ‘வடி’ நன்றாக இருக்கிறது, ‘நீர்’தான் உறுத்துகிறது. தண்ணிக்காப்பி என்பது எங்கள் பக்கம் கசாயத்துக்கு அடுத்த வசவு. நல்ல காப்பியைக் கள்ளிச்சொட்டு என்று புகழ்கிற மொழியில், அதன் உயிரான பாகத்துக்கு நீர் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் எழுதும்போது ‘வடிசாறு’ என்கிறேன். சாறு என்றால் ஒன்றின் சத்து திரண்டு வெளியே வந்தது. கரும்புச்சாறு, எலுமிச்சைச்சாறு போல. வடி என்பது நம் அடுப்படியில் அன்றாடம் புழங்கும் சொல். சோறு வடிக்கிறோம், கஞ்சி வடிக்கிறோம். இரண்டும் சேர்ந்தால், காய்ச்சாமல் வடித்தெடுத்த சத்து என்ற பொருள் தானாக வந்துவிடுகிறது. வினைச்சொல்லை நாம் தேடவே வேண்டியதில்லை. அது ஏற்கெனவே நம் வாயில் இருக்கிறது. "இறங்கிருச்சா?" என்றுதான் எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். பனையிலிருந்து பதநீர் இறக்குகிறோம், கள் இறக்குகிறோம். சொட்டுச் சொட்டாகக் கலயத்தில் சேர்வதை எடுப்பதற்கு எந்தச் சொல்லோ, அதே சொல். பெயரை ஆங்கிலத்திலிருந்து தவறாக வாங்கினாலும் வினையைத் தமிழில் சரியாகவே வைத்துக்கொண்டோம்.

அப்புறம் இன்னொரு தேவை. முதல் டிகாக்‌ஷன், இரண்டாம் டிகாக்‌ஷன் என்று பிரித்துச் சொல்கிறோம் இல்லையா? வடித்த சக்கையிலேயே மறுபடி வெந்நீர் ஊற்றி எடுப்பது இரண்டாவது. தேங்காயை முதல் பால், இரண்டாம் பால் என்று பிழிவதைப் போலத்தான். கரையக்கூடிய நல்லவை பெரும்பாலும் முதலிலேயே இறங்கிவிடும். இரண்டாவதில் நிறமும் கசப்புமே மிஞ்சும். அப்பத்தா இரண்டாவதைத் தொடமாட்டார், வந்தவர்களுக்கும் கொடுக்கவிடமாட்டார். இந்த இரண்டுக்கும் முதல் வடி, இரண்டாம் வடி என்பதே போதும்.

போன தை மாதம் எங்கள் வீட்டில் ஒரு சாந்தி, அறுபதாம் கல்யாணம். இரண்டாம் கட்டில் கோட்டையடுப்பு மூட்டியிருந்தது. மாலை இடைப்பலகாரத்துக்கு வெள்ளைப் பணியாரமும் மசாலைச் சீயமும். காப்பிக்கு முந்நூறு பேர் என்று கணக்கு. சமையல்காரரிடம் போய், "அண்ணே, காப்பிக்கு முதல் வடி மட்டும் போதும், ரெண்டாம் வடி கலக்க வேண்டாம்" என்றேன். அந்தச் சொல்லை அவர் அதற்கு முன் கேட்டிருக்க வழியில்லை. என்னவென்று திருப்பிக் கேட்கவில்லை. "அப்ப பொடி இன்னும் ரெண்டு கிலோ வேணும் ஆச்சி" என்றார்.