பீட்னிக்: ஒரு விகுதி செய்த வேலை

‘பீட் தலைமுறை’ என்ற அமெரிக்க எழுத்தாளர்களையும் அவர்கள் வழியில் போன இளைஞர்களையும் 1950களின் இறுதியில் கேலியாக அழைத்த பெயர் ‘பீட்னிக்’. அதன் வால் ரஷ்ய மொழியிலிருந்து வந்தது. அந்த மொழியில் ‘புத்’ என்றால் வழி, ‘ஸ்’ என்றால் உடன். ‘நிக்’ என்பது நம் ‘காரன்’ போல ஆளைக் குறிக்கும் விகுதி. மூன்றும் சேர்ந்தால் ஸ்புட்னிக், அதாவது வழித்துணை. 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஏவிய முதல் செயற்கைக்கோளுக்கு வைத்த பெயர் அது. எவ்வளவு அழகான பெயர்!

விகுதி மட்டும் தனியாக வேற்றுமொழிக்குள் நுழைவது அரிது. முதலில் சொற்கள் போகும். பல சொற்களில் ஒரே வாலைக் கேட்ட பிறகுதான் மக்கள் அதைப் பிரித்தெடுத்துப் புதுச் சொற்களில் ஒட்டுவார்கள். ‘நிக்’குக்கு அமெரிக்காவில் ஏற்கெனவே ஒரு வாசல் இருந்தது. அங்கே குடியேறிய யூதர்களின் இத்திஷ் மொழியில் ‘நுட்னிக்’ என்றால் நச்சரிப்பவர். எனவே அந்த வாலில் கேலி முன்பே ஏறியிருந்தது. 1957 நவம்பரில் லைக்கா என்ற சோவியத் நாய் விண்வெளிக்குப் போனதும் ‘மட்னிக்’ பிறந்தது; ஆங்கிலத்தில் ‘மட்’ என்றால் கலப்பின நாய். அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் வான்கார்டு ராக்கெட் ஏவுதளத்திலேயே வெடித்ததும் ‘ஃப்ளாப்னிக்’ பிறந்தது; ‘ஃப்ளாப்’ என்றால் படுதோல்வி.

1958 ஏப்ரல் 2 அன்று, சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் நாளிதழின் பத்தி எழுத்தாளர் ஹெர்ப் கேன் அந்த வாலை ‘பீட்’டில் ஒட்டினார். 50 ‘பீட்னிக்’குகளுக்கு வைத்த விருந்தில் 250க்கும் மேற்பட்டோர் குவிந்த செய்தி அது.

‘பீட்’ என்பது தெருவோர மனிதர்கள் புழங்கிய சொல்: அடிபட்டு ஓய்ந்த நிலை. 1948இல் தம் தலைமுறைக்கு அந்தப் பெயரைச் சொன்ன எழுத்தாளர் ஜாக் கெரொவாக், பேரின்பத்தைக் குறிக்கும் ‘பியாட்டிஃபிக்’ என்ற சொல்லையும் பின்னர் அதில் கேட்டார். கேன் ஒட்டிய விகுதி இந்த ஆழம் முழுவதையும் மூடிவிட்டது. கடன் ஒரு துன்பம். ‘கடன்காரன்’ ஒரு வசை. பீட்டுக்கும் அதுவே நேர்ந்தது. உள்ளத்தின் நிலையைச் சொன்ன சொல், தாடியும் தொப்பியும் பொங்கோ மேளமுமாக ஒரு வேடத்தின் பெயராகிவிட்டது. பனிப்போர்க் காலத்தில் ரஷ்ய ஒலி சந்தேகத்தையும் கூட்டியது. கவிஞர் ஆலன் கின்ஸ்பர்க் 1959இல் நியூயார்க் டைம்ஸுக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சொல்லையே இழிந்தது என்று சாடினார். அவருடைய கோபம் முற்றிலும் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

விகுதி அதோடு ஓயவில்லை. அறுபதுகளில் போர் எதிர்ப்பாளர்கள் ‘பீஸ்னிக்’ ஆனார்கள். எழுபதுகளில், சோவியத் நாட்டைவிட்டு வெளியேற அனுமதி மறுக்கப்பட்ட யூதர்களை உலகம் ‘ரெஃப்யூஸ்னிக்’ என்று அழைத்தது. ‘அத்காஸ்னிக்’ என்ற ரஷ்யச் சொல்லின் நேர்வார்ப்பு அது. அந்தச் சொல்லில் கேலி இல்லை.