முளாரபா: வைப்பா, முதலீடா?

முளாரபா என்பது ஒருவர் பணமும் இன்னொருவர் உழைப்பும் போட்டு ஆதாயத்தைப் பங்கிடும் இஸ்லாமிய வணிக ஒப்பந்தம். வட்டியைத் தவிர்க்கும் இஸ்லாமிய வங்கிகள் சேமிப்பவரின் பணத்தை வாங்குவதற்கும் இதைப் பயன்படுத்துகின்றன. இந்தச் சொல்லைத் தமிழில் எழுதுவதே முதல் சிக்கல். அரபியின் ‘ளாத்’ எழுத்துக்கு நேரான ஒலி நம்மிடம் இல்லை. ரமளான், ரமழான், ரமலான் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோமே, அதே கதைதான். முளாரபா, முழாரபா என்பவை அரபியைக் காதால் கேட்டு எழுதியவை. முதாரபா, முடாரபா என்பவை ஆங்கில எழுத்தைக் கண்ணால் பார்த்து எழுதியவை. நான் முளாரபா என்றே எழுதுகிறேன்.

வேர்ச்சொல் ‘ளரப’. அடித்தல் என்பது அதன் நேர்ப்பொருள். ‘பூமியில் அடித்தல்’ என்றால் அரபு வழக்கில் பயணம் போதல். குர்ஆன் 73:20இல், இறைவனின் அருளைத் தேடிப் பூமியில் பயணம் செய்வோரைக் குறிக்க வருவது இந்த வினைதான். பணம் ஒருவருடையது, அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் வாணிபம் செய்யும் உழைப்பு இன்னொருவருடையது. முன்னவர் ரப்புல் மால், பின்னவர் முளாரிப். ஈராக்கில் முளாரபா எனப்பட்ட இதையே மக்காவும் மதீனாவும் இருக்கும் ஹிஜாஸ் பகுதியினர் ‘கிராள்’ என்றார்கள். வெட்டுதல் என்ற வேரிலிருந்து வந்த சொல் அது. தன் செல்வத்தில் ஒரு பகுதியை வெட்டி இன்னொருவர் கையில் கொடுப்பது. எனக்கு இந்த இரண்டாவது பெயர்தான் உறைக்கிறது. வெட்டிக் கொடுத்தது அப்படியே திரும்பி வரும் என்று அதில் எந்த உறுதியும் இல்லை.

ஒப்பந்தம் இதுதான். ஆதாயம் வந்தால் முன்பே பேசிய விகிதத்தில் பிரித்துக்கொள்ள வேண்டும். 60:40 என்று வைத்துக்கொள்வோம். நட்டம் வந்தால் பணம் தந்தவர் பணத்தை இழப்பார், உழைத்தவர் உழைப்பை இழப்பார். உழைத்தவர் அசட்டையாக இருந்திருந்தாலோ, பேச்சை மீறியிருந்தாலோ மட்டுமே அவர் பணத்துக்குப் பொறுப்பு. வட்டியில் சதவீதம் முதலின் மேல் நிற்கிறது. இங்கே இன்னும் கண்ணில் படாத ஆதாயத்தின் மேல் நிற்கிறது. முதலுக்கோ ஆதாயத்துக்கோ உத்தரவாதம் கொடுத்தால் அது முளாரபாவே அல்ல.

வழக்கமான வங்கியில் நாம் போடும் பணம் சட்டப்படி வங்கிக்கு நாம் கொடுக்கும் கடன். இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை 1848இல் ‘ஃபோலி எதிர் ஹில்’ வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: வங்கி கடனாளி, வாடிக்கையாளர் கடன் கொடுத்தவர். ஆக, அங்கே சேமிப்பவர் கடன் கொடுத்தவர், இங்கே, முளாரபாக் கணக்கில், சேமிப்பவர் வணிகப் பங்காளி. இருவரும் வேறு வேறு விதமாக நடந்துகொள்ள வேண்டும் அல்லவா?

நடப்பது அப்படி இல்லை. வட்டி கூடாது என்ற நம்பிக்கையால் மட்டுமே வருபவர்கள் உண்டு. அவர்களில் பலர், விகிதம் என்ன, பணம் எந்தத் தொழிலுக்குப் போகிறது என்று கேட்பதில்லை; கணக்கு ஹலாலா என்ற ஒரு கேள்வியோடு முடித்துக்கொள்கிறார்கள். இன்னொரு சாரார் பலகையில் எழுதியிருக்கும் ‘எதிர்பார்க்கும் ஆதாய வீதம்’ என்ற எண்ணைப் பக்கத்து வங்கியின் வட்டியோடு ஒப்பிடுகிறார்கள். அங்கே வட்டி ஏறினால் இங்கே பணம் எடுக்கப்படுகிறது. பங்காளி செய்யும் காரியமா இது? கடன் கொடுத்தவர் செய்யும் காரியம்.

இஸ்லாமிய வங்கிகளுக்கு இது தெரியும். அதனால் நல்ல ஆண்டின் ஆதாயத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்து, மோசமான ஆண்டில் அதிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். போதாதபோது தங்கள் பங்கையே குறைத்துக்கொள்கிறார்கள். சேமிப்பவர் தாங்க வேண்டிய ஏற்ற இறக்கம் இப்படி வங்கி உரிமையாளர் தலைக்கு இடம் மாறிப் போவதற்குத் துறையில் தனிப்பெயரே உண்டு: இடம்பெயர்ந்த வணிக இடர். விளைவு, ஆண்டுக்கு ஆண்டு ஏறத்தாழ ஒரே எண். பார்ப்பவர் அதை வட்டி என்று நினைத்தால் அவரை மட்டும் குறை சொல்ல முடியுமா?

துருக்கியில் 2001 பிப்ரவரியில் இஹ்லாஸ் ஃபினான்ஸ் என்ற வட்டியில்லா நிதி நிறுவனம் உரிமம் இழந்து மூடப்பட்டபோது, ஆதாய நட்டத்தில் பங்குபெறும் அதன் பங்கேற்புக் கணக்குகளுக்கு, நிறுவனம் மூழ்கினால் கைகொடுக்கும் அரசின் வைப்புக் காப்பு இல்லை. தாங்கள் வைத்திருந்தது வழக்கமான வைப்பு அல்ல என்பது பலருக்கு அப்போதுதான் தெரிந்திருக்கும்.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘முளாரபா வைப்பு’ என்று எழுதுகிறார்கள். வைப்பு என்ற சொல்லிலேயே வைத்ததை வைத்தபடி எடுப்பது என்ற நினைப்பு இருக்கிறது. பாதுகாப்புக்காக ஒப்படைக்கும் ‘வதீஆ’ கணக்குக்கு அது சரி, முளாரபாவுக்குச் சரியில்லை. கோயில் கல்வெட்டுகளில் முதல் கெடாமல் நிற்க, அதன் பொலிசையில், அதாவது வட்டியில், விளக்கெரிக்கச் சொல்வார்களே, அந்த மனநிலைதான் வைப்பு.

உழவில் ‘வாரம்’ என்றொரு சொல் உண்டு. நிலம் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது, விளைச்சலில் பங்கு. முளாரபாவுக்கு இதைவிட நெருங்கிய தமிழ் உறவு கிடையாது. விளையாவிட்டால் இருவருக்கும் இல்லை. ஆனால் ‘வார முதலீடு’ என்று எழுதினால் வாராவாரம் கட்டும் பணம் என்றுதான் படிப்பார்கள். ‘முதலிலார்க்கு ஊதியம் இல்லை’ என்ற குறளில் ஊதியம் என்றால் ஆதாயம். இன்று ‘ஊதியப் பங்கு’ என்றால் சம்பளத்தில் பிடித்தம் என்று பதறுவார்கள்! ‘இலாபப் பகிர்வு’ பரவலாகப் புழங்குகிறது, ஆனால் நட்டத்தை அது வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

என் தேர்வு ‘ஆதாயப் பங்கு முதலீடு’. நட்டத்தின் நிழல் ‘முதலீடு’ என்ற சொல்லில் இருக்கிறது. மலேசியா 2013ஆம் ஆண்டின் இஸ்லாமிய நிதிச் சேவைச் சட்டத்தில் இதே வெட்டைத்தான் வெட்டியது. முதலுக்கு உத்தரவாதம் உள்ளது இஸ்லாமிய வைப்பு, இல்லாதது முதலீட்டுக் கணக்கு. முளாரபா இரண்டாவது பக்கம் போனது. அதற்கு வைப்புக் காப்பும் இல்லை. அதன்பின் அங்குள்ள வங்கிகள் பழைய முளாரபா வைப்புகளில் பெரும்பகுதியை, பண்டங்களை வாங்கி விற்று ஆதாயத்தை முன்பே உறுதிசெய்யும் தவர்ருக் வைப்புகளாக மாற்றிவிட்டன.